முள்ளில் நிற்கும் வெளிச்சம்

சகுவாரோ கள்ளியை நீர்வண்ணத்தில் வரைய உட்காருகிறவர் முதலில் முள்ளை மறந்துவிட வேண்டும். கள்ளி என்றாலே முள் என்று பழகிய கண், உட்கார்ந்த உடனே பச்சைத் தண்டின் மேல் கறுப்புக் கோடுகளை இழுக்கச் சொல்லும். அப்படி இழுத்த படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்டு இருக்கும், முள் இருக்கும், கள்ளி மட்டும் இருக்காது. அரிசோனாவின் காலை வெயிலில் நேரில் போய் நின்றால் முட்கள் கறுப்பாகத் தெரிவதே அபூர்வம். வெயிலை வாங்கிக்கொண்டு, வெளிறிய வைக்கோல் நிறத்தில் நிற்கின்றன. சூரியன் கள்ளிக்குப் பின்னால் இருந்தால் தண்டின் விளிம்பு நெடுக ஓர் ஒளிக்கோடு ஓடுகிறது. முள்ளை வரையாமல் அந்த ஒளியை மட்டும் தாளில் மிச்சம் வைக்கத் தெரிந்துவிட்டால் பாலைவன ஓவியத்தில் பாதி வேலை முடிந்தது.

மிச்சம் வைப்பதுதான் நீர்வண்ணத்தின் சூட்சுமமே. எண்ணெய் வண்ணத்தில் வெள்ளையைக் கடைசியில் மேலே ஏற்றிக்கொள்ளலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்றால் தாள். அதன்மேல் ஒரு தடவை நிறம் ஏறிவிட்டால் பழைய வெள்ளை முழுசாகத் திரும்பாது. ஆகவே எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே முடிகிறது என்பதையெல்லாம் பிரஷ் நனைவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். ஈரமான ஊர்களை வரையும்போது இந்தத் தீர்மானம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் மூட்டமும் தழையும் வந்து காப்பாற்றிவிடும். பாலையில் அந்தச் சலுகை கிடையாது. வெயில் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம், நடுவே வெட்டினாற்போல் ஒரு கோடு. முன்கூட்டியே முடிவெடுக்கச் சொல்லும் இந்தக் கண்டிப்பில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் சொல்லும் பாலை, சோனோரப் பாலைவனம். அரிசோனாவின் தென்பாதியில் தொடங்கி, கலிஃபோர்னியாவின் ஒரு மூலையையும் சேர்த்துக்கொண்டு, மெக்சிகோவுக்குள் வெகுதூரம் இறங்குகிறது. ஒட்டகத்தையும் மணல்மேட்டையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதல் நாளே ஆச்சரியம் காத்திருக்கும்: இந்தப் பாலை பச்சை. டூசான் நகரத்தில் ஆண்டு மழை 270 முதல் 300 மில்லிமீட்டர்தான். ஆனால் அது குளிர்காலத்தில் ஒரு பருவமாகவும், ஜூலை முதல் செப்டம்பர் வரை இன்னொரு பருவமாகவும் பிரிந்து விழுவதால், அந்தக் கொஞ்சத்திலேயே மரமும் புதரும் கள்ளியும் பிழைத்துக்கொள்கின்றன. அந்தப் பச்சையைக் கலப்பதில் வந்து மாட்டிக்கொள்ளாத ஓவியர் இல்லை. டியூபில் வரும் சாப் கிரீனை அப்படியே எடுத்துப் பூசினால் வயல்வெளிதான் வரும். பாலைப் பச்சை சாம்பல் ஏறியது. பிரிட்டில்புஷ் என்ற புதரின் இலை முழுக்க நுண்ணிய வெண்மயிர், அதனால் அது வெள்ளிச் சாம்பல். கிரியோசோட் புதரின் சிறு இலைகளில் பிசின் பளபளப்போடு மஞ்சள் தூக்கல். பாலோ வெர்டி மரத்துக்கோ பட்டையே பச்சை. இலை உதிர்ந்த பிறகும் கிளையும் அடிமரமும் ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கும். கோபால்ட் நீலத்தையும் ரா சியன்னாவையும் தாளிலேயே பாதி கலந்தும் கலக்காமலும் விட்டு, இடையில் ஒரு பொட்டு சிவப்பைத் தொட்டுவைத்தால் இந்தப் பச்சைகளின் பக்கத்தில் போகலாம். எனக்குத் தெரிந்த நல்ல பாலைவன ஓவியர்கள் பலர் பெட்டியில் பச்சை டியூபே வைத்துக்கொள்வதில்லை.

இந்த நிலத்தின் அரசன் சகுவாரோ. 12 மீட்டருக்கு மேல் வளரும், 150 ஆண்டுகளைத் தாண்டி வாழும். ஆனால் முதல் எட்டு ஆண்டுகளில் அது எட்டுவது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். முதல் கை முளைக்க வழக்கமாக 50 முதல் 75 ஆண்டுகள். மழை குறைந்த சரிவுகளில் நூறும் ஆகலாம். இதெல்லாம் தாவரவியல் புத்தகச் செய்தி என்று ஓவியர் தள்ளிவிட முடியாது. கை முளைக்காத ஈட்டிபோன்ற இளஞ்செடியையும், ஏழெட்டுக் கைகளோடு நிற்கும் கிழத்தையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டு நிற்கிறது. அதை உணர்ந்து வரைந்தவரின் படத்துக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகளை ஒட்டிவைத்தவரின் படத்துக்கும் உள்ள வித்தியாசம் பார்த்த உடனே தெரியும். இளஞ்செடி பெரும்பாலும் வெட்டவெளியில் தனியாக நிற்பதுமில்லை. வெயிலுக்கும் உறைபனிக்கும் ஒதுங்கி, ஒரு பாலோ வெர்டியின் அல்லது மெஸ்கீட்டின் நிழலில்தான் அது பிறந்து வளர்கிறது. மரம் பட்டுப்போன பிறகும் கள்ளி நிற்கும். காய்ந்த மரத்தின் கிளைகளுக்கு நடுவே எழும்பி நிற்கும் நடுவயதுச் சகுவாரோவைவிட நல்ல படப்பொருள் இந்தப் பாலையில் எனக்குக் கிடைத்ததில்லை.

அதன் தண்டுக்குக் கிட்டே போய்ப் பார்ப்போம். மேலிருந்து கீழாக நெடுக ஓடும் மடிப்புகள். மேடும் பள்ளமுமாக அடுத்தடுத்து இருக்கும். மழை பெய்ததும் வேர் உறிஞ்சிய நீரால் தண்டு உப்பி, மடிப்பு விரிந்து பள்ளம் ஆழம் குறையும். ஜூன் மாத வறட்சியில் தண்டு சுருங்கிப் பள்ளம் ஆழமாகும். ஆகவே பள்ளத்தின் நிழலை எவ்வளவு அகலமாக, எவ்வளவு கருமையாகப் போடுகிறோம் என்பதிலேயே படம் எந்தப் பருவத்தில் வரையப்பட்டது என்று சொல்லிவிடலாம். முள் இருப்பது மேட்டின் முகட்டில். முகடு நெடுக, ஒரே சீரான இடைவெளியில், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னத் திண்டுகள் உண்டு. ஒவ்வொரு திண்டிலிருந்தும் ஒரு கொத்து முள். நம்மூர் வேலியோரத்துச் சதுரக்கள்ளியில் இந்தத் திண்டு கிடையாது, ஒடித்தால் பால் வரும். அது வேறு குடும்பம். இங்கே குடும்ப அடையாளமே இந்தத் திண்டுதான். தூரத்தில் இருந்து பார்க்கும்போது திண்டும் முள்ளும் சேர்ந்து முகட்டின் மேல் ஒரு வெளிறிய கோடாகிவிடுகின்றன. தண்டின் உச்சியில் வளர்முனையைக் காப்பதற்காக முட்கள் நெருங்கி, தொப்பி வைத்தாற்போல் கம்பளி நிறத்தில் இருக்கும். அடிப்பக்கத்தில் வயதானவற்றுக்குப் பச்சை மறைந்து, பழுப்பேறி, மரப்பட்டை மாதிரி வெடித்திருக்கும்.

நான் வரையும் முறை இதுதான். தண்டு முழுவதற்கும் முதலில் ஒரே வாஷ், அதாவது நீர்த்த நிறத்தின் ஒரு பூச்சு. வெயில் பக்கம் ரா சியன்னா கலந்த மிக வெளிறிய பச்சை. அது ஈரமாக இருக்கும்போதே நிழல் பக்கத்தில் கோபால்ட் நீலம் தூக்கலாக. இரண்டும் நடுவில் தாமே கலந்துகொள்ளும், அங்கே கை வைப்பதில்லை. முழுசாகக் காய்ந்த பிறகு பள்ளங்களை மட்டும் ஒவ்வொன்றாக நிழல் நிறத்தில் மேலிருந்து கீழே இழுப்பேன். இழுத்த கோட்டின் ஒரு விளிம்பு கூர்மையாக இருக்கட்டும்; இன்னொரு விளிம்பைச் சுத்தமான ஈரப் பிரஷால் தொட்டுக் கரைத்துவிடுவேன். கூர்மையான விளிம்பை ஒட்டி மிச்சம் நிற்கும் முதல் வாஷின் வெளிச்சம்தான் முகடு. முள் என்று தனியாக எதையும் போடவில்லை. பிரஷ் நுனியை ஏறக்குறைய உலர்த்தி, நிழல் கோட்டின் விளிம்பை அங்கங்கே சற்று உடைத்துவிட்டால் போதும், பார்ப்பவரின் கண் மீதி முட்களை வைத்துக்கொள்ளும்.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலைவனத்தின் நிறம் அங்கேதான் இருக்கிறது. நடுப்பகல் மணல் ஏறக்குறைய வெள்ளை. வெறும் தாளில் ஒரு மஞ்சள் காவிச் சாயல் போதும். தரையில் விழுந்த நிழலைப் பாருங்கள். சூரியன் அங்கே படவில்லை, ஆனால் மேகமில்லாத நீல வானம் முழுவதும் அதன்மேல் கவிழ்ந்திருக்கிறது. அதனால் நிழல் நீலமும் ஊதாவுமாகிறது. அதே நேரம், வெயிலில் காயும் தரை தன் ஆரஞ்சு வெளிச்சத்தை மேல்நோக்கி எறிகிறது. சகுவாரோவின் கை வளைந்து மேலெழும் இடத்தில், அடிவயிறுபோல் கீழே பார்த்திருக்கும் பகுதி இருண்டிருக்க வேண்டும் என்றுதான் நினைப்போம். உற்றுப் பார்த்தால் அங்கே ஒரு மெல்லிய செங்காவி வெதுவெதுப்பு தெரியும். நிழல் பக்கத்தின் குளிர்ந்த நீலப்பச்சைக்குள் ஒரு சொட்டு பர்ண்ட் சியன்னாவை ஈரத்திலேயே விட்டால் அந்த வெதுவெதுப்பு வந்துவிடும். கையும் உருண்டு தாளிலிருந்து முன்னால் வந்து நிற்கும். இந்த ஒரு சொட்டுக்காகவே சில படங்களின் முன் நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

சகுவாரோவைவிட ஒரு படி கடினம், டெடி பேர் சோய்யா. இடுப்பு உயரத்துக்கோ ஆள் உயரத்துக்கோ வளரும் கிளைக்கள்ளி. ஒவ்வொரு முள்ளின் மேலும் தாள்போன்ற மெல்லிய உறை உண்டு. அந்த உறைதான் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாலையில் சூரியனுக்கு எதிராகப் பார்த்தால் செடி முழுவதும் மங்கிய பொன்னிறத்தில் எரிவதுபோல் இருக்கும். தண்டே கண்ணுக்குத் தெரியாது. கீழே மட்டும் பட்டுப்போன முட்களோடு ஏறக்குறைய கறுப்பான அடிமரம். பலர் இதற்கு மாஸ்கிங் ஃப்ளூயிடை நம்புகிறார்கள். ரப்பர் பாலால் ஆன அந்தத் திரவத்தை முள் இருக்கும் இடமெல்லாம் கோடு கோடாகத் தடவி, மேலே வண்ணம் பூசி, காய்ந்ததும் உரித்தெடுப்பார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வெட்டவெளிச் சூட்டில் ரப்பர் தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது நாரைப் பிய்த்துக்கொண்டு வரும். பிய்க்காமல் வந்தாலும் கோடுகள் எல்லாம் ஒரே தடிமனில், ஒரே கூர்மையில் இருக்கும். சோய்யாவின் ஒளி அப்படி இருப்பதில்லை. உள்ளே அடர்ந்து, வெளியே போகப் போகக் காற்றில் கரைகிறது.

செடிக்குப் பின்னால் இருப்பதை வரைவதுதான் நல்ல வழி. செடியின் இடத்தில் ரா சியன்னாவை மிக மெலிதாக, வெளிவிளிம்பு கரையும்படி பூசிக் காயவிட வேண்டும். பிறகு பின்னணி மலையின் நிழல் நீலத்தைச் செடியை நோக்கிக் கொண்டுவந்து, விளிம்பில் பிரஷைச் சாய்த்து, உலர்ந்த மயிர்களால் உடைத்து உடைத்து நிறுத்த வேண்டும். பின்னணி எங்கே நிற்கிறதோ அங்கே முள் தொடங்கும். எல்லாம் காய்ந்த பிறகு கூர்மையான பிளேடு நுனியால் நாலைந்து கீறல். முந்நூறு கிராம் பருத்தித் தாள் என்றால் கீறலைத் தாங்கும். மரக்கூழ்த் தாள் பஞ்சாகிவிடும். இன்னொரு காரியமும் உண்டு: சோய்யாவின் பக்கத்தில் உட்காருகிறவர் பையில் ஒரு சீப்பு வைத்திருக்க வேண்டும். அதன் கணுக்கள் லேசாகப் பட்டாலே கழன்று சட்டையிலும் தோலிலும் குத்திக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் கையும் மாட்டும். சீப்பைக் கணுவுக்கும் தோலுக்கும் நடுவில் விட்டு ஒரே நெம்பாக நெம்பி எறிவதுதான் இங்கத்திய வழக்கம்.

கீறி வெளிச்சம் எடுக்கும் இந்த வித்தைக்கு இதே மண்ணில் ஒரு பழைய முன்னோடி உண்டு. டூசானுக்கு மேற்கே சகுவாரோ தேசியப் பூங்காவுக்குள் சிக்னல் ஹில் என்ற சிறு குன்று. அங்கே பாறைகளின் மேல் காலப்போக்கில் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த ஒரு கரும்படலம் படிந்திருக்கிறது; பாலைவன வார்னிஷ் என்பார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த ஹோஹோகாம் மக்கள் அந்தப் படலத்தைக் கல்லால் கொத்தி, அடியிலிருக்கும் வெளிர் பாறையைத் திறந்து, சுருள்களும் விலங்குகளுமாக உருவங்கள் செய்திருக்கிறார்கள். எதையும் மேலே பூசவில்லை. இருட்டை நீக்கி வெளிச்சத்தை எடுத்திருக்கிறார்கள். அந்தப் பெரிய சுருளின் முன் நின்றுவிட்டு வந்தால் கையிலிருக்கும் பிளேடுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

நீர்வண்ணப் பெட்டியைத் திறந்தாலே அதில் பாதி வறண்ட நிலத்திலிருந்து வந்ததுதான். நிறப்பொடியைத் தாளில் பிடித்துவைக்கும் பிசின் கம் அராபிக். சகாராவுக்குத் தெற்கே, சூடான் முதலிய நாடுகளில் வளரும் ஒரு வகை வேலமரத்தைக் கீறி எடுப்பது. நம் கருவேலம்பிசினுக்கு நெருங்கிய உறவு. மஞ்சள் காவி, ரா சியன்னா, அதைச் சுட்டால் கிடைக்கும் பர்ண்ட் சியன்னா எல்லாமே இரும்பு ஆக்சைடு சேர்ந்த மண். அரிசோனாவில் செடோனாவின் செம்பாறைக்கும் பெயின்டட் டெசர்ட்டின் சிவப்புப் பட்டைகளுக்கும் நிறம் தருவது அதே இரும்பு ஆக்சைடுதான். பாறையை வரையும்போது, பாறைக்கு நிறம் கொடுத்த பொருளாலேயே வரைகிறோம். மண்ணிலிருந்து வராமல் தொழிற்சாலையிலிருந்து வந்தும் பாலைக்கென்றே பிறந்தாற்போல் ஒரு நிறம் இருந்தது: குவினாக்ரிடோன் கோல்ட். மெலிதாகப் பூசினால் தேன், அடர்த்தியாகப் பூசினால் மாலை வெயில் பட்ட புல். அதன் மூல நிறப்பொடி முக்கியமாகக் கார் வண்ணத்துக்காகத் தயாரானது. கார் தொழிலுக்கு வேண்டாம் என்று ஆனதும் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நிறப்பொடிகளின் கலவை. நல்ல கலவைதான், ஆனாலும் பழைய டியூபின் மிச்சத்தை வைத்திருப்பவர்கள் அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் செலவழிக்கிறார்கள்.

சிவப்பின் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. சப்பாத்திக்கள்ளியின் மடலில் பஞ்சுபோல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பதைச் சுரண்டி நசுக்கினால் விரலில் ரத்தச் சிவப்பு ஏறும். கொச்சினீல் பூச்சி. மெக்சிகோவின் பழங்குடி மக்கள் வளர்த்த இந்தப் பூச்சியிலிருந்து வந்த கார்மைன், ஸ்பெயின்காரர்களின் கையில் உலகமெங்கும் விலைபோன சாயம். அந்த வணிகத்தில் பங்கு வாங்க வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் கள்ளித் தோட்டமே போட்டார். வந்து சேர்ந்தது தரக்குறைவான பூச்சி இனம், முயற்சி எடுபடவில்லை. ஓவியர்களும் கார்மைனை நெடுங்காலம் பெட்டியில் வைத்திருந்தார்கள். அழகான நிறம், ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும். கள்ளியிலிருந்து வந்த சிவப்பைக் கொண்டே கள்ளியின் பழத்தை வரையலாமே என்ற ஆசை எனக்கு உண்டு. சட்டம் போட்டு மாட்டும் படத்துக்கு அது உதவாது. நோட்டுப் புத்தகத்துக்குள் மூடிவைக்கும் படத்துக்குச் சரி. மற்றதற்கெல்லாம் வெளுக்காத குவினாக்ரிடோன் சிவப்புகள்தான்.

சப்பாத்திக்கள்ளியையே வரைய நினைப்பவர்களுக்குச் சாண்டா ரீட்டா வகையைச் சொல்வேன். குளிரிலும் வறட்சியிலும் அதன் மடல்கள் ஊதாவாகிவிடும். அதன்மேல் வசந்தத்தில் எலுமிச்சை மஞ்சளில் பூ. மடல் தட்டையாகத் தெரிந்தாலும் தட்டை இல்லை. ஒவ்வொரு மடலும் வெவ்வேறு திசை பார்த்துத் திரும்பியிருப்பதால் ஒன்று வானத்தின் நீலத்தையும், ஒன்று தரையின் ஆரஞ்சையும், ஒன்று அடுத்த மடலின் நிழலையும் வாங்குகிறது. தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

சென்னையிலிருந்து வந்த கண்ணுக்கு இங்கே பிடிபடாதது தூரம். ஈரக்காற்றில் தூரத்து மலை வெளிறி, நீலம் ஏறி, விளிம்பு மங்கும். ஓவியப் பள்ளியில் தூரம் காட்ட முதலில் சொல்லித்தரும் உபாயமும் அதுதான். டூசானின் உலர்ந்த காற்றில் சாண்டா கேட்டலீனா மலைத்தொடரின் ஒவ்வொரு மடிப்பும் கைநீட்டித் தொடலாம்போல் துல்லியமாகத் தெரியும். நகரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் லெம்மன் சிகரத்தின் பாறை விளிம்புகூடக் கூர்மை. அங்கே நிறத்தை வெளிறச் செய்து தூரம் காட்டினால் அது வேறு ஊரின் மலையாகிவிடும். அளவைக் குறைத்து, ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கி, முன்புறக் கள்ளியை மலைக்கோட்டைத் தாண்டி மேலே நீட்டித்தான் தூரத்தைக் கொண்டுவர வேண்டும். மாலையில் மட்டும் அந்த மலை சிவந்து, பிறகு ஊதாவாகும். அப்போது பழைய உபாயம் கொஞ்சம் கைகொடுக்கும்.

காற்றின் வறட்சி இன்னொரு வேலையும் செய்கிறது. ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாளில், வானத்துக்கு இழுத்த வாஷ் தாளின் மறுமுனையை எட்டுவதற்குள் தொடங்கிய முனை காய்ந்துவிடும். காய்ந்ததன் மேல் ஈரம் பட்டால் விளிம்பு கட்டிக்கொள்ளும். அதனால் இங்கே எல்லோரும் தேவைக்கு மேல் ஒரு சைஸ் பெரிய பிரஷையே எடுக்கிறார்கள். தாளின் இரண்டு பக்கத்தையும் நனைத்து அக்ரிலிக் பலகையில் படிய வைத்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். தேன் சேர்த்துக் குழைத்த வண்ணங்கள் பேலட்டில் காய்ந்து வெடிக்காமல் இருக்கும். இதையெல்லாம் செய்தாலும், ஒரு வாஷுக்குள் மனத்தை மாற்றிக்கொள்ள நேரம் கிடையாது. வானம் என்றால் ஒரே மூச்சு. வேண்டிய நீலத்தைத் தாராளமாகக் கலந்துவைத்துக்கொண்டுதான் பிரஷை எடுக்க வேண்டும்.

முன்னோடிகளில் மூவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஜார்ஜியா ஓ'கீஃப் என்றதும் நியூ மெக்சிகோவும் எண்ணெய் வண்ண எலும்புகளும் பூக்களும்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு அவரை நெருக்கமாக்கியது அதற்கு முந்தைய நீர்வண்ணங்கள். 1916 முதல் 1918 வரை டெக்சாஸின் வறண்ட சமவெளியில், கேன்யன் என்ற சிற்றூர்க் கல்லூரியில் ஓவியம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1917-ல் அங்கே வரைந்த 'ஈவினிங் ஸ்டார்' வரிசையில் நட்சத்திரத்தைச் சுற்றிச் சிவப்பும் ஆரஞ்சும் பட்டை பட்டையாகப் பரவுகின்றன. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய கோடாக வெறும் தாளை விட்டிருக்கிறார். நிறம் நிறத்தோடு ஓடிக் கலந்துவிடாமல் அந்தக் காய்ந்த கோடு தடுக்கிறது. வானத்தின் வெளிச்சமாகவும் அதுவே நிற்கிறது. அதே ஆண்டின் 'லைட் கமிங் ஆன் த ப்ளெயின்ஸ்' என்ற மூன்று படங்களில் இருப்பது நீலமும், கீழே ஒரு தரைக்கோடும், நடுவில் எழும் வெளிச்சமும்தான். முள்ளும் பாறையும் இல்லாமலே வறண்ட வெளியின் விடியல் முழுசாக வந்துவிடுகிறது.

குன்னார் விட்ஃபோர்ஸ் நேர் எதிர்த் துருவம். 1879-ல் ஸ்வீடனில் பிறந்து, கடைசி ஆண்டுகளை கிராண்ட் கேன்யனிலேயே கழித்து, 1934-ல் அங்கேயே காலமாகி, அங்கேயே அடக்கமானவர். பள்ளத்தாக்கின் வடவிளிம்பில் ஒரு முனைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பாறை அடுக்கு ஒவ்வொன்றையும் அதனதன் சரிவோடு, அதனதன் நிறத்தோடு நீர்வண்ணத்தில் நிறுத்தியவர். இத்தனை விவரம் ஏறினால் நீர்வண்ணம் செத்துப்போகும் என்பார்கள். அவர் நிழலை ஊடுருவிப் பார்க்கும்படி மெலிதாக வைத்திருப்பதால், விவரத்துக்குள்ளும் காற்று ஓடுகிறது.

மூன்றாமவர் மேரி எமிலி ஈட்டன். நியூயார்க் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஆங்கிலேயர். தாவரவியலாளர்கள் பிரிட்டனும் ரோஸும் எழுதி 1919-லிருந்து 1923 வரை நான்கு தொகுதிகளாக வந்த 'த காக்டேசியே' என்ற நூலுக்கு அவர் வரைந்த கள்ளிகளைப் பார்த்தால், முள்ளை மறக்கச் சொன்ன என் பேச்சு எந்த எல்லை வரை செல்லுபடியாகும் என்று புரியும். தாவரவியல் ஓவியத்தில் ஒரு திண்டில் எத்தனை முள், எது நடு முள், எது எப்படி வளைகிறது என்பதுதான் இனத்தின் அடையாளம். எதையும் விட முடியாது. ஒவ்வொன்றையும் வைத்தும் செடி பாரமாகாமல் நிற்பது பெரிய சாதனை. நிலக்காட்சி வரைகிறவர்களும் மழைநாளில் இந்த நூலைப் பார்த்து ஒரு கணுவையாவது வரைந்து பழகுவது நல்லது. எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுவதற்கு அது உதவும்.

இவ்வளவும் இருக்க, கடைகளில் விற்கும் பாலைவன நீர்வண்ணங்களில் பெரும்பகுதி ஆரஞ்சு அந்தியும் அதன் முன்னால் கன்னங்கரேலென்று ஒரு சகுவாரோவும்தான். அந்த வானம் உண்மையிலேயே இங்கே வருகிறது, பொய்யில்லை. ஆனால் கள்ளியைக் கறுப்பாக நிரப்பிவிட்டால் மடிப்பு இல்லை, முகடு இல்லை, தரையிலிருந்து மேலேறும் வெதுவெதுப்பு இல்லை. சகுவாரோவில் பார்க்க வேண்டிய எல்லாம் அந்தக் கறுப்புக்குள் போய்விடுகிறது. கற்றுக்கொள்கிறவர்களிடம் நான் வற்புறுத்துவது காலை ஒன்பது மணி வெயிலைத்தான். நிழல் நீளமாக இருக்கும், நிறம் இன்னும் வெளுத்துப்போயிருக்காது.

வகுப்பாகக் கற்க விரும்புவோருக்கு டூசானில் 1952-ல் தொடங்கிய அரிசோனா சோனோரா டெசர்ட் மியூசியத்தின் கலைப்பிரிவு உண்டு. தோட்டத்திலேயே உட்கார்ந்து வரையலாம், ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை இருக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெளியில் உட்காரச் சுகமான காலம். மே மாதம் சூடு ஏறத் தொடங்கினாலும் அப்போதுதான் சகுவாரோ பூக்கும். இரவில் திறந்து மறுநாள் பிற்பகலுக்குள் மூடிக்கொள்ளும் மெழுகு வெள்ளைப் பூ. தேனுக்கு வௌவாலும் வெண்சிறகுப் புறாவும் வரும். வெள்ளைப் பூவை வெள்ளைத் தாளில் வரைய, சுற்றியுள்ள வானத்தை எவ்வளவு ஆழமாக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜூன் கடைசியில் பழம் வெடித்துச் சிவப்பாக விரியும். தூரத்தில் பார்ப்பவர்கள் அதைச் சிவப்புப் பூ என்றே நினைப்பார்கள். டோஹோனோ ஓதாம் மக்கள் காய்ந்த சகுவாரோவின் விலா மரத்தாலான நீண்ட கழியைக் கொண்டு அந்தப் பழத்தைப் பறிக்கும் காலம் அது. அவர்களுக்குப் புத்தாண்டும் அப்போதுதான்.

அதன் பிறகு மழைக்காலம் வந்து எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். காற்றில் ஈரம் ஏறும், தாள் நெடுநேரம் நனைந்தே இருக்கும், ஆண்டு முழுக்க எளிதில் எட்டாமலிருந்த, ஈரத்தின் மேல் ஈரமாகப் பூசும் முறை சட்டென்று கைவசமாகும். பிற்பகலில் மலைக்கு மேல் கருமேகம் திரண்டு, அங்கங்கே மழை திரைபோல் இறங்கும். சில திரைகள் தரையைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடும். அந்தப் பாதி மழையை வரைய அல்ட்ராமரினும் பர்ண்ட் சியன்னாவும் கலந்த சாம்பலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அல்ட்ராமரின் பொடி பொடியாகத் தாளின் குழிகளில் தங்கும், பலகையைச் சாய்த்தால் இறங்கும். எந்த இடத்தில் சாய்ப்பதை நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது ஓவியரின் வேலை. கீழே, நீரைக் குடித்து உப்பிய சகுவாரோக்களை அதே சாம்பல் காய்வதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். பள்ளங்கள் ஆழம் குறைந்திருக்கும், ஜூனில் போட்ட நிழலில் பாதி போதும்.